பிழிந்தால்தான் இனிக்குமா?

தலைமை ஏற்றிருக்கும் அணைத் தலைவர் தியார்ட் பூலென்ஸ் அவர்களே! கடலுக்கு அணை போட்டு, அணைக்குக் காவல் போட்டு, அந்தக் காவலுக்கு ஒரு வாரியமும் போட்டு வைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்படியில் பட்டாணி சூப்பைத் துழாவிக்கொண்டே காது கொடுத்துக் கேட்கும் தாய்மார்களே! வாரியத்துக்குப் புதிதாகத் தேர்வாகி, இன்னும் உட்கார இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பொறியாளர் ஹெர்மினா லாண்ட்வெல்ட் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

ஆண்டுதோறும் அழைக்கிறீர்கள். ஆண்டுதோறும் வருகிறேன். அதே மேடை, அதே ஈரக் கோட்டு வாசனை, அதே கேள்வி: பெரிய மனிதர்கள் ஏன் அப்படிப் பேசினார்கள்?

பல்கலைக்கழகத்தில் என் பிழைப்பே அதுதான். விடுதலையைப் பற்றி விடிய விடிய எழுதியவர், பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்றார். கருணையைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசியவர், பிச்சைக்காரனைச் சவுக்கால் அடி என்றார். அறிவில் குறைந்தவர்களா? இல்லை. அன்பே இல்லாதவர்களா? அதுவும் இல்லை. பிறகு ஏன்? நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரே பதில்: "அவர் அவருடைய காலத்து மனிதர்." அதைக் கேட்டதும் உங்கள் நெஞ்சு லேசாகும், கோப்பையில் ஜெனிவர் மது நிறையும். எனக்கோ, அந்த வாக்கியம் வாயில் வரும்போதே அலுத்துப்போகிறது.

நிமிர்ந்து பாருங்கள். உத்தரத்தில் தங்க எழுத்து. இந்தத் தாழ்நிலத்தைக் கடலிடமிருந்து மீட்டவர், வணிகத்துக்கு அறநூல் எழுதியவர், கடல் கடந்த சூரினாமில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டத்தில் பங்கு வைத்திருந்தவர், நம்முடைய யோஸ்ட் வெர்ஹூஃப் சொன்னது: "அடிமையும் கரும்பும் ஒன்று, பிழிந்தால்தான் இனிக்கும்."

வாரியத்துக்குப் புதிதாக வருகிறவர் எழுந்து இதை உரக்க வாசிக்க வேண்டும். நாம் கரண்டியால் மேசையைத் தட்டிச் சிரிக்க வேண்டும். பிறகுதான் அவருக்குக் கரண்டி. கரண்டி இருந்தால்தான் நாற்காலி. நாற்காலி இருந்தால்தான் ஓட்டு.

என்ன, எதிரே உட்கார்ந்திருக்கும் ஹார்ம் அவர்களே? "சும்மா வேடிக்கைக்குத்தானே"யா? சரி, வேடிக்கையையே சொல்கிறேன்.

இன்று மத்தியானம் பம்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். ஹெர்மினா கைகளில் கிரீஸோடு நின்றிருந்தார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தலைவர் போன் பண்ணினார் மேடம். 'மரபும்மா, மனசுல வெச்சுக்காத'ன்னார். எங்க பாட்டன் பூட்டனெல்லாம் அந்தத் தோட்டத்துல அடிமையா வெந்து செத்தவங்க சார்னு சொன்னேன். 'தெரியும்மா, அதனாலதான் நீ வாசிச்சா இன்னும் அழகா இருக்கும்'னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சுட்டேன். அழத் தெம்பில்ல. காலையிலேர்ந்து பம்பு வேற மக்கர். வாசிச்சா வீட்டுக்குப் போய் என் மக மூஞ்சியில முழிக்க முடியாது. வாசிக்கலன்னா நாளைக்கு அணை விஷயத்துல வாய் திறக்க முடியாது. ஜனங்க ஓட்டுப் போட்டது இதுக்கா?"

தலைவர் முகம் சிவக்கிறது. கோபப்படாதீர்கள் ஐயா. நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். அதுதான் என்னை அதிகம் சோர வைக்கிறது.

காலம், காலம் என்கிறோமே, காலத்துக்கு ஒரே வாய்தானா? யோஸ்ட் இந்த வாக்கியத்தை முதலில் சொன்னது இதே விருந்து மேசையில். அவர் மனைவியின் தம்பி விக்போல்ட், அடுப்பெரிக்கும் பீட் என்ற கரிமண் கட்டிகளைப் படகில் ஏற்றி விற்றவர், எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் வம்சத்தார் இன்றும் சொல்லும் கதை இது. கேட்டதும் மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாராம்.

"எங்க மாப்ள கிளம்பிட்ட? சூப் ஆறுதுல்ல?"

"ஆறட்டும் மச்சான். உன் வார்த்தையைக் கேட்ட பிறகு இது தொண்டையில இறங்காது."

"ஊரே சிரிக்குது, உனக்கு மட்டும் என்ன வந்தது?"

"ஊரு சிரிச்சா உப்பு இனிக்குமா?"

போனவர் திரும்பி வரவில்லை. ஆக, அதே காலம், அதே மேசை, அதே சூப். ஒருவர் சொன்னார், ஒருவர் எழுந்தார். நாம் யாருடைய வார்த்தைக்குத் தங்கம் பூசினோம்?

இதோ, மேசைக் கோடியில் ஒரு காலி நாற்காலி. அதன் முன்னால் ஆண்டுதோறும் ஒரு கிண்ணம் சூப் வைத்து ஆறவிடுகிறோம். வெள்ளத்தில் போனவர்களுக்காக என்கிறோம். இருக்கலாம். அது விக்போல்டின் நாற்காலி என்கிறார்கள் அவர் வம்சத்தார். அதுவும் இருக்கலாம். என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததைச் சத்தியம் செய்யும் பழக்கமும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது வெறும் மரபென்றால், வெறும் வேடிக்கையென்றால், அந்தம்மா எதற்கு வாசிக்க வேண்டும்? நம்மில் ஒருவர் வாசிப்போமே! உத்தரத்தைப் பார்த்து அல்ல. ஹெர்மினாவின் முகத்தைப் பார்த்து. யார் வருகிறீர்கள்?

ஹார்ம்? ஏன், கோப்பைக்குள் என்ன தேடுகிறீர்கள்?

தலைவர் எழுந்திருக்கிறார். நல்லது ஐயா. ஹெர்மினா அங்கே நிற்கிறார். பாருங்கள். சொல்லுங்கள்.

"அடிமையும்..."

ம். கேட்கவில்லை ஐயா. இன்னும் கொஞ்சம் சத்தமாக.

உட்கார்ந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் இந்த மன்றத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த வாசிப்பு இதுதான்.

யாரும் தட்ட வேண்டாம். சற்று அமைதி. ஹெர்மினா நடக்கிறார். எங்கே போகிறார் என்று எனக்கும் தெரியாது. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. மேசைக் கோடிக்குப் போகிறார். அந்த நாற்காலியை இழுக்கிறார். உட்கார்ந்துவிட்டார்.

அங்கே கரண்டி இல்லையே! தலைவரே... ஆம். உங்களுடையதையே கொடுங்கள். கொடுத்துவிட்டார்.

குடிக்கிறார். ஆறிப்போன சூப். நன்றாக இருக்காது. ஆனாலும் குடிக்கிறார்.

இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு விளக்கம் சொல்ல என்னை அழைக்காதீர்கள். அழைப்பதானால் சாப்பிட அழையுங்கள். தாய்மார்களே, அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் சூடாக ஊற்றுங்கள். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வாரிய உறுப்பினர் ஹெர்மினா லாண்ட்வெல்ட் அவர்களே, வணக்கம்.