தலையைப் பிடிச்சவ சொல்றதுதான் சட்டம்

கைதட்டினது போதும், உட்காருங்க. ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. மூணாவது வரிசையில செல்போன் நோண்டிட்டு இருக்கிற தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

உள்ள வர்றப்ப வாசல்ல ஒரு அம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஐயா, என் பொண்ணு இங்கதான் பிசியோதெரபி படிக்குது. பயிற்சின்னு சொல்லி கிரவுண்டுக்கு அனுப்புறாங்க. அங்க போய் ஐஸ் பெட்டி தூக்கிட்டு நிக்குது. இதுக்கா படிக்க வச்சோம்?"னு கேட்டாங்க. அம்மா, எங்க உட்கார்ந்திருக்கீங்களோ தெரியல... இந்தக் கதை உங்களுக்குத்தான்.

சண்முகவடிவுன்னு ஒரு பொண்ணு. இதே படிப்பு, கடைசி வருஷப் பயிற்சி. அவளும் ஐஸ் பெட்டிதான் தூக்கினா. கூடப் படிக்கிறவங்க அவளை "ஐஸ்காரம்மா"ன்னே கூப்பிட்டாங்க. அவளுக்கு மேற்பார்வை தேவசகாயம் சார். இருபத்தஞ்சு வருஷமா விளையாட்டுக்காரங்க அடியும் காயமும் பார்த்த மனுஷன். வாரம் தவறாம ஒரு வேலை கொடுப்பாரு. ஒருத்தரைத் தரையில படுக்க வச்சு, "வடிவு, தலைமாட்டுல படு. ரெண்டு கையாலயும் தலையைப் பிடி. பத்து நிமிஷம் அசையக் கூடாது"ம்பாரு. மூக்கு அரிக்கும். கண்ணாடி சரியும். ஒரு நாள் கண்ணாடியைத் தூக்கி விட ஒரு கையை எடுத்துட்டா. அவ்வளவுதான், மனுஷன் எரிஞ்சு விழுந்தாரு.

"கழுத்து ஒடிஞ்சவன் தலைன்னு நினைச்சுப் பிடி! கழுத்துல அடின்னா தலையைப் பிடிச்சவ சொல்றதுதான் சட்டம். அவ எண்ணினாத்தான் மத்தவங்க கை வைக்கணும். நானே வந்து விடுன்னாலும் விடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

புரிஞ்சுதா இல்லையான்னு... ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெரிஞ்சுது.

மாவட்டக் கபடிப் போட்டி. ரெண்டு களம். அந்தக் களத்துல சார் ஒருத்தனுக்கு விரல்ல கட்டு போட்டுட்டு இருக்காரு. இந்தக் களத்துல வடிவு. பேச்சிமுத்துன்னு ஒரு பையன் பாடிக்கிட்டுப் போறான், வயசு இருபத்தொண்ணு. கணுக்காலைப் பிடிச்சாங்க, இடுப்பைப் பிடிச்சாங்க, மூணு பேர் மேல விழுந்தாங்க. மூணு பேரும் எழுந்திரிச்சுட்டாங்க. அவன் எழுந்திரிக்கல. மல்லாக்கக் கிடக்கான்.

நம்ம ஊர்க் கபடியில ஒருத்தன் விழுந்தா என்ன செய்வோம்? சொல்லுங்க! அலாக்காத் தூக்குவோம். மூஞ்சியில சோடாவை அடிப்போம். காலைப் பிடிச்சு ஒரு இழு இழுப்போம். பாசம்ங்க, வேறென்ன! அந்தப் பாசத்தோட நாலு பேர் ஓடி வர்றாங்க. முன்னால வர்றது யாரு? கூடப் பிறந்த அண்ணன்.

அதுக்குள்ள வடிவு போய்ட்டா. மண்ணுல குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, தலையைப் பிடிச்சுட்டா. "யாரும் தொடாதீங்க!"

"ஏ, விடும்மா! என் தம்பி அவன்! தூக்கி உட்கார வச்சா சரியாப் போயிரும்!"

"அண்ணே, தூக்கினா அவன் அப்புறம் நடக்காமலே போயிரலாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்... ஆனா கையை எடுக்க முடியாதுண்ணே. தொடாதீங்க."

அண்ணன் நின்னுட்டான். அப்ப பேச்சிமுத்து சன்னமாக் கேட்கிறான்... "அக்கா... எனக்குக் கால் இருக்கா?"

ஐயோ! என்ன பாடு பட்டிருக்கும் அந்தப் பொண்ணு மனசு! "இருக்குடா. அசையாதே தம்பி. என்னைப் பாரு"ங்கிறா. குனிஞ்சதுல கண்ணாடி கழண்டு மண்ணுல விழுந்துச்சு. அவ எடுக்கல.

தேவசகாயம் சார் ஓடி வர்றாரு. வந்த வேகத்துல மண்டி போட்டுக் கையை நீட்டுறாரு. "விடும்மா, நான் பிடிச்சுக்கறேன்."

யாரு கேட்குறது? இருபத்தஞ்சு வருஷ அனுபவம் கேட்குது. மார்க் போடுற கை கேட்குது. அவ கண்ணுல தண்ணி கொட்டுது. கை மட்டும் அசையல.

"சார்... விட மாட்டேன்."

அவர் என்ன செஞ்சாரு தெரியுமா? கோபப்பட்டாரா? "எனக்கே பாடமா?"ன்னாரா? இல்லைங்க... நீட்டின கையை இழுத்துக்கிட்டாரு. தோள் பக்கம் நகர்ந்தாரு. அண்ணனை இடுப்புகிட்ட, இன்னும் ரெண்டு பேரைக் கால்கிட்ட உட்கார வச்சாரு. அடிபட்டவங்களைப் படுக்க வச்சுத் தூக்குற பலகையைப் பக்கத்துல வைக்கச் சொன்னாரு. அப்புறம் அவளைப் பார்த்து, "எண்ணும்மா. நாங்க தயார்"னாரு.

ஆயிரம் பேர் நின்ன மைதானம். விசிலடிச்சவன் விரல் வாயிலயே நிக்குது. அந்த அமைதியில ஒரே ஒரு குரல்...

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

அஞ்சு பேரும் ஒரே ஆளா அவனை ஒரு பக்கமாத் திருப்பினாங்க. முதுகுக்கு அடியில பலகை போச்சு. ஆம்புலன்ஸ்லயும் அவதான் பிடிச்சுட்டுப் போனா. ஆஸ்பத்திரியில டாக்டர் வந்து பிடிச்ச பிறகுதான் கையை எடுத்தா. விரலெல்லாம் மரத்துப் போய் விரியவே மாட்டேங்குது. சார்தான் ஒவ்வொரு விரலா நீவி விட்டாரு.

கழுத்தெலும்புல முறிவு. "தூக்கி உட்கார வச்சிருந்தீங்கன்னா..."ன்னு ஆரம்பிச்ச டாக்டர், அண்ணன் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டாரு.

ஏழு மாசம் கழிச்சு பேச்சிமுத்து வடிவு படிக்கிற காலேஜுக்கு வந்தான். நடந்து வந்தான்ங்க! வராண்டாவுல ஏழெட்டுப் பொண்ணுங்க நிக்குது. ஒருத்தியையும் அடையாளம் தெரியல. "நான் அந்த அக்கா முகத்தைத் தலைகீழாத்தானே பார்த்தேன்"னு முழிக்கிறான். பின்னாலேருந்து ஒரு குரல். "அசையாதே தம்பி." அவ்வளவுதான். அப்படியே நின்னு தேம்பித் தேம்பி அழுதானாம். இதை எனக்குச் சொன்னதே தேவசகாயம் சார்தான்.

பிள்ளைங்களே, அந்தச் சலிப்பான பத்து நிமிஷம் இருக்கே... அதுதாங்க ஒரு உயிருக்குக் காலைக் கொடுத்துச்சு. ஆசிரியப் பெருமக்களே, பக்கத்துலயே நில்லுங்க, கூப்பிட்டா ஓடி வாங்க. ஆனா உங்க பிள்ளை சரியாப் பிடிச்சிருந்தா, நீட்டின கையை இழுத்துக்கங்க. கையை நீட்டுறது எல்லாருக்கும் வரும். இழுத்துக்கிறதுக்குத்தான் பெரிய மனசு வேணும்.

வாசல்ல பார்த்த அம்மா... உங்க பொண்ணு ஐஸ் பெட்டி தூக்கட்டும். நாளைக்கு யார் பெத்த பிள்ளை தலையோ அந்தக் கையில வரும். அன்னிக்கு யார் சொன்னாலும் விடாதேன்னு... இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் நீங்களே அவகிட்டச் சொல்லுங்க.