மட்டாஞ்சேரி கண்ட்ரோல்

ஞாயிறு காலையில் கிளப் அறையை நான்தான் திறப்பேன். மட்டாஞ்சேரியில் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழைய ஏலக்காய்க் கிடங்கின் மாடி அது. கூட்டிப் பெருக்கி, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, மைக்கை ஈரத்துணியால் துடைத்து வைப்பேன். இதையெல்லாம் யாரும் செய்யச் சொன்னதில்லை.

எங்களுடையது அமெச்சூர் ரேடியோ கிளப். வெள்ளம் வந்து போன் டவர்கள் படுத்துவிட்டால் நாங்கள் வயர்லெஸ்ஸில் செய்தி கடத்துவோம். கையில் பிடிக்கும் சிறிய செட்டுகள் இந்தச் சந்துகளில் ஒன்றையொன்று எட்டாது. எல்லாச் செய்தியும் முதலில் மாடியிலிருக்கும் பெரிய செட்டுக்கு வரும். அங்கே இருப்பவர் அதை எழுதிக்கொண்டு மற்றவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். அவருக்குப் பெயர் கண்ட்ரோல். இரண்டு வருடமாக அது நான்.

என்னை அங்கே சேர்த்துவிட்டது என் தாய்மாமா ராசப்பன். கார்ப்பரேஷனில் துப்புரவு சூப்பர்வைசர். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். மைக்கில் அப்படி ஆவதில்லை. எதிரில் முகம் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் மாமாதான். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைத்து லைசென்ஸும் எடுக்கவைத்தார்.

மே மாதம் எங்கள் செயலாளர் சங்கரலிங்கம் சார் கூப்பிட்டார்.

"செல்வி, வர்ற மாக் ட்ரில் முடிஞ்சதும் புதுசா சேந்த மஞ்சுஷா கண்ட்ரோல்ல இருக்கட்டும். காக்கநாட்டுல கம்பெனி வேலை, இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குது. கலெக்டரேட்ல இருந்து ஆளு வந்தா நமக்கும் ஒரு கெத்துல்லா. நீ சாயா, வடை விஷயத்தைப் பாத்துக்கோ."

"சரி சார்," என்றேன்.

மஞ்சுஷா மீது எனக்குக் கோபம் கிடையாது. நல்ல பெண். என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

ட்ரில் ஜூன் முதல் ஞாயிறு. டவர் விழுந்துவிட்டதாகப் பாவனை என்பதால் எல்லோருடைய கைபேசியும் ஒரு துணிப்பையில் போடப்பட்டு என் மேசைக்கு வந்தது. ஒவ்வொரு செய்தியையும் 'ட்ரில்' என்று மூன்று முறை சொல்லித் தொடங்க வேண்டும். நிஜமாகவே யாருக்காவது ஏதாவது ஆனால் 'ரியல்' என்று மூன்று முறை. அந்தச் சொல் வந்தால் ட்ரில் அங்கேயே நிற்கும், ஆம்புலன்ஸ் ஓடும். இல்லையென்றால் ஆம்புலன்ஸ் அசையாது, நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். சனங்கள் மிரளக் கூடாதென்று பஜார் முழுவதும் 'இது ஒத்திகை' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம்.

மாமாவுக்கு நோயாளி வேடம். படகுத்துறைக்குப் பின்னால் பூட்டிக்கிடக்கும் மிளகுக் கிடங்கின் முற்றத்தில் படுத்திருக்க வேண்டும். செய்தி சொல்ல அவர் பக்கத்தில் மஞ்சுஷா.

"நடிக்கத் தெரியுமா மாமா?" என்று கேட்டேன்.

"கார்ப்பரேஷன்ல இருபத்தாறு வருஷம் ஓட்டினவன்ட்ட கேக்குற கேள்வியா மோளே இது?"

பத்து முப்பத்திரண்டுக்கு செட்டில் மஞ்சுஷாவின் குரல் வந்தது. "ரியல், ரியல், ரியல். ராசப்பன் சேட்டனுக்கு நெஞ்சு வேதனை. வேர்த்துக் கொட்டுது. ஆம்புலன்ஸ் இப்பவே வேணும்."

அறையில் நான் மட்டும். சங்கரலிங்கம் சார் கலெக்டரேட் அதிகாரிக்கு மொட்டைமாடியில் ஆண்டெனாவைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் நிதானமாகவே யோசித்தேன். இந்தச் செய்தி இப்படியே போனால், வந்த முதல் ட்ரில்லிலேயே உயிரைக் காப்பாற்றிய பெண் என்று அதிகாரியின் முன்னால் அவளுக்குப் பெயர் வரும். பிறகு அவளை மைக்கிலிருந்து யாராலும் எழுப்ப முடியாது. மாறாக, அவள் கொஞ்சம் தடுமாறினால் சார் மறுபடி யோசிப்பார். அதற்குப் பத்து நிமிடம் போதும். மாமா திடமான உடம்புக்காரர்.

பொத்தானை அழுத்தினேன். "ட்ரில், ட்ரில், ட்ரில். மிளகுக் கிடங்கில் ஒருவருக்கு நெஞ்சுவலி."

"கேட்டாச்சு கண்ட்ரோல்," என்றான் ஆம்புலன்ஸ் ஓட்டும் ஹரிஷங்கர். வாயில் வடை இருந்தது.

மஞ்சுஷா உடனே குறுக்கிட்டாள். "சேச்சி, ட்ரில் அல்ல. ரியல், ரியல், ரியல்."

"செய்தியை முறைப்படி சொல்லவும்," என்றேன்.

மூன்றாவது முறை அவள் அழுதுகொண்டே சொன்னாள். அவளுக்குப் பின்னால் மாமாவின் குரலும் கேட்டது. "செல்விட்ட சொல்லு. அவ பாத்துக்குவா."

மொத்தம் ஒன்பது முறை அவள் ரியல் என்றாள். மூன்று செய்தியையும் நான் ட்ரில் என்றே பதிவேட்டில் எழுதினேன், ட்ரில் என்றே சொன்னேன்.

அவள் தெருவுக்கு ஓடிக் கத்தியிருக்கிறாள். கடைக்காரர்கள் சுவரிலிருந்த நோட்டீஸைக் காட்டிச் சிரித்தார்களாம். ஒரு வெள்ளைக்காரர் வீடியோ எடுத்தாராம். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் நம்பி ஏற்றிக்கொண்டார். இருபது நிமிடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கிளப்பில் விசாரணை நடந்தது. அவள் பேசியது கண்ட்ரோலைத் தவிர வேறு யாருக்கும் எட்டவில்லை. "சத்தியமா ரியல்னுதான் சொன்னேன்," என்று மஞ்சுஷா திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லோரும் பதிவேட்டைப் பார்த்தார்கள். புதுப் பெண், பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருப்பாள் என்று முடிவாயிற்று. அவள் அதற்குப் பிறகு வரவில்லை.

ஹரிஷங்கர் மட்டும் பதிவேட்டை என்னிடம் தனியாகக் கேட்டு வாங்கினான். விரலை வைத்து வைத்துப் படித்தான்.

"ட்ரில்லுனா ஒரு தடவ சொன்னா போதுமே. ஒரே ஆளுக்கு எதுக்கு எட்டு நிமிஷத்துல மூணு மெசேஜ்?"

"வந்ததை எழுதினேன்."

"உன் மாமா பேரை ஏன் எழுதல?"

"நோயாளி பேர் தேவையில்லைன்னு சார்தான் சொல்லியிருக்காரு."

அது உண்மை. அவன் பதிவேட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனான். இப்போதெல்லாம் நான் போட்டுத் தரும் சாயாவை அவன் குடிப்பதில்லை. அவன் கேட்டால் இதையெல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். அவன் இன்னும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை.

மாமாவின் மனைவி பேச்சி அத்தை அவருடைய செட்டைக் கிளப்புக்குத் திருப்பித் தரவில்லை. தினமும் காலை ஏழரைக்கு நான் மைக்கில் கிளப்காரர்கள் எல்லோரையும் பேர் சொல்லி அழைக்கும் நேரத்தில், அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு அதைக் காதருகே வைத்துக்கொள்கிறாள்.

"உன் சத்தம் கேட்டாத்தான்டி அவரு வீட்ல இருக்குற மாதிரி இருக்கு," என்றாள் போன வாரம். "நிப்பாட்டிராத."

நிறுத்த மாட்டேன். அத்தைக்கு இப்போது வேறு யார் இருக்கிறார்கள்? அவளுக்காகத்தான் தினமும் போய் உட்காருகிறேன். மற்றபடி அந்த மைக்கின் மேல் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது.