மூச்சு விடாத குலவை

திருநெல்வேலி மாவட்டம், கோவில்பட்டி தாலுகா, இடைசெவல் கிராமம், கீழத்தெருவில் குடியிருக்கும் காலஞ்சென்ற வேல்சாமி மனைவி ஆவுடைத்தாய், வயது 46, தொழில் விவசாயம், 1985ஆம் வருடம் ஏப்ரல் மாதம் காவல் நிலையத்தில் விசாரித்தபோது கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். எனக்கு ஒரே மகள், பெயர் வெயிலுகந்தம்மாள். குலவை போடுவதில் எங்கள் பக்கத்தில் அவளுக்கு இணை கிடையாது. கோவில்பட்டியில் கேசட் கடை வைத்திருக்கும் ஜஹாங்கீரும் அவருடைய கூட்டாளி கடற்கரை என்பவரும் மின்னல் பிரதர்ஸ் என்ற பெயரில் கரண்டுப் பெட்டியில் இசை போடுகிறவர்கள். மேளமும் நாயனமும் அவர்களிடம் கிடையாது, எல்லாச் சத்தமும் பெட்டிக்குள்ளிருந்தே வரும். சென்ற ஆவணியில் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வந்த மேற்படி இருவரும் என் மகளின் குலவையைக் கேட்டு, அதை ஒரு ஆட்டப்பாட்டில் சேர்க்க என்னிடம் சம்மதம் கேட்டார்கள். நானே அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். வெளிச்சத்தம் விழக்கூடாது என்று அவளை மட்டும் உள்ளறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வாசலில் இருந்தேன்.

அதன் பிறகு மார்கழியில் அவள் மார்ச்சளியில் படுத்து, ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்து இறந்துபோனாள். கடைசி நாள் முழுவதும் நான்தான் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு தை மாதம் அந்தப் பாட்டு கேசட்டாக வந்தது. இரண்டு பக்கமும் அந்த ஒரே பாட்டுதான். டீக்கடை, கல்யாண வீடு, விளாத்திகுளம் பஸ் என்று எங்கும் அதையே போட்டார்கள், சிறுசு பெரிசு எல்லாரும் ஆடினார்கள். அதில் என் மகள் குலவை போட ஆரம்பித்தால் பாட்டு முடியும் வரை மூச்சே விடுவதில்லை. காட்டில் பருத்தி எடுக்கும்போது ரோட்டில் போகும் பஸ்ஸில் அது கேட்கும். அவள் எப்போது மூச்சு விடுவாள் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்படி நின்று ஒரு தடவை பருத்திச் செடிமேலேயே மயங்கி விழுந்திருக்கிறேன். பிறகு கடைக்குப் போய், அவள் மூச்சு விடும் இடத்தைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்டேன். கடற்கரை, கேசட் ஊர் ஊராகப் போய்விட்டது, இனி தங்கள் கையில் இல்லை என்று சொல்லி என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

நேற்று பசுவந்தனையில் என் தங்கை வெயிலம்மாள் குடியிருக்கும் தெருவில் நடந்த மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தேன். பகலில் மேற்படி இருவரும் டிராக்டர் டிரெய்லரில் பெட்டிகளை வைத்து வாசித்துக்கொண்டு வந்தார்கள். குலவை வந்ததும் ஜனங்கள் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று கேட்க, கடற்கரை அதை முடியவிடாமல் நீட்டிக்கொண்டே இருந்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நான் டிரெய்லரில் ஏறி, "போதும்யா, பிள்ளைய விடுங்க, செத்துருவா" என்று சொன்னதாகத் தங்கை சொல்கிறாள். எனக்கு அந்த ஞாபகம் இல்லை. வயரைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கிறது. வயரோடு பெரிய பெட்டியும் சரிந்து கடற்கரையின் வலது கையில் விழுந்தது. விரல்கள் முறிந்துவிட்டன, இனி வாசிக்க வருமா என்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதாக அறிகிறேன். அவர்மேல் எனக்கு முன்விரோதம் கிடையாது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்று காலை ஜஹாங்கீர் நிலையத்துக்கு வந்து, கூட்டாளிக்காகக் கொடுத்த புகாரை வாபஸ் வாங்க மாட்டேன் என்றும், ஆனாலும் நான் கடைக்கு வந்து கேட்ட மூச்சு தன்னிடம் இருக்கிறது என்றும் சொன்னார். அன்று பதிவு செய்த முதல் டேப்பை உதவி ஆய்வாளரின் அனுமதியோடு போட்டுக் காட்டினார். அதில் இசை இல்லை, என் மகள் மட்டும்தான். குலவை போட்டு நிறுத்தி மூச்சு இழுத்தாள். அந்த மூச்சு கரகரவென்று வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் கேட்ட அதே சத்தம். அவள் படுத்தது மார்கழியில், இது ஆவணியில் பதிவு செய்தது. வீட்டில் நான் அப்படி எதுவும் கேட்டதில்லை.

இதை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். ஜஹாங்கீர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒவ்வொரு மூச்சும் கரகரன்னுச்சு பெரியம்மா. பாட்டுக்கு ஆகாதுன்னு வேற டேப்புல நகல் எடுத்து, அதைப் பிளேடு வச்சு வெட்டி ஒட்டிட்டோம். டேப்புல தூசியா இருக்கும்னு நெனச்சோம்" என்றார். அதன் பிறகு, இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்யா" என்று சொன்னேன்.

நான் சொன்னதை ஏட்டையா எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். சொன்னபடியே இருக்கிறது, பொய் எதுவும் கலக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாததால் ரேகை வைக்கிறேன்.

ஆவுடைத்தாய், இடது பெருவிரல் ரேகை.