நானூத்தம்பது மெகாஹெர்ட்ஸ் பாவம்

இல்ல ஃபாதர், எம் பாவம் அப்பாலிக்கா. மொதல்ல எம் வூட்டுக்காரரு பாவத்த சொல்லிர்றேன். ஏன், அடுத்தவங்க பாவத்த சொல்லக் கூடாதா? அப்டி ஒரு சட்டம் கீதா? ஞானோபதேசத்துல எனுக்கு அத்த யாரும் சொல்லித் தரல. சரி, பாவம்னு எடுத்துக்காதீங்க, ஒரு வெவரம்னு கேட்டுக்கங்க. வெவரம் தெரியாம மன்னிப்பு குடுத்துட்டு நாளைக்கி நீங்க பேஜாராவக் கூடாது பாருங்க.

ஐரீன் தான். கொரல வெச்சே கண்டுபுடிச்சிட்டீங்களா? அப்பறம் எதுக்கு நடுவுல இந்தத் தட்டி. ஆமா, கல்மண்டபத்துல கம்ப்யூட்டர் கேம் சென்டர் வெச்சிகினு கீறாரே தாமஸு, அவரு சம்சாரம். எதிர்ல ஐஸ் கம்பெனி கீதே, அதேதான்.

சுருக்கமா தான் சொல்லப் போறேன். பின்னாடி சிலுவையம்மாள் நிக்கறாங்கன்னா நிக்கட்டும். வாராவாரம் அதே மருமவ கத தான, ஒண்ணும் கெட்டுப் பூடாது.

எம் புருசன் ஹார்பர்ல டாலி கிளார்க்கா இருந்தாரு. கப்பல்லேர்ந்து எறங்கற மூட்டைய எண்ணி எயுதற வேல. பன்னெண்டு வருசம் எண்ணாரு. ஒரு நாளு வந்து, இனிமே மூட்டைய பாத்தாலே வாந்தி வருது ஐரீன்னாரு. வேலைய உட்டுட்டு, வந்த காசுல நாலு கம்ப்யூட்டர் போட்டு சென்டர் தொறந்துட்டாரு. போன கிறிஸ்மஸுக்கு முன்னாடி, தொண்ணித்தெட்டுல.

இந்த கம்ப்யூட்டர்ல ப்ராசசர்னு ஒண்ணு கீது ஃபாதர். மூளைன்னு வெச்சிக்கங்க, மத்ததெல்லாம் கை காலு. மூளைக்கு ஸ்பீடு பத்தலன்னா, கேம்ல ஓட்ற காரு நம்ம திருநாளு சப்பரம் மாதிரி நின்னு நின்னு வரும். அத்த வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நானும் கூட போனேன். எனுக்குப் பொடவ எடுக்க பத்து நிமிசம் நிக்க மாட்டாரு, அங்க ஒரு சில்லுக்கு மூணு மணி நேரம் நின்னாரு. கடைக்காரரு அத்தாவுல்லா பாய் ரெண்டு எடுத்து வெச்சாரு. ஒண்ணு பெண்டியம் டூ, நானூத்தம்பது மெகாஹெர்ட்ஸு. கறுப்பு கூடு போட்டு, பாட்டு கேசட்டு மாதிரி ஷோக்கா இருந்திச்சி. இன்னொண்ணு செலரான், முன்னூறு. மேல சட்ட கூட இல்லாம பச்ச அட்டையா கெடந்திச்சி. வெல அதுல பாதி கூட இல்ல.

நான் இன்னா சொன்னேன், நீ ஒக்கார்ற மிசினுக்கு ஒரு பெண்டியம் போடு, மத்த மூணுக்கும் செலரான் போடுன்னேன். ஞாயமா இல்லையா? ஆனா அதுக்குள்ள பாய் அவரு காதுல ஓதிட்டாரு. இந்த செலரான் சோம்பேறி இல்ல நைனா, சோம்பேறின்னு சீட்டு ஒட்டி வெச்சிருக்கான், அவ்ளோதான். போர்டுல ஜம்பர்னு இத்தினியூண்டு கிளிப்பு கீது. அத்த அறுவத்தாறுலேர்ந்து எடுத்து நூறுல சொருவினா, முன்னூறு தானா நானூத்தம்பது ஆயிரும். அதுக்குப் பேரு ஓவர்கிளாக்கிங்காம்.

அவ்ளோதான். எம் புருசன் மூஞ்சி, வானத்துலேர்ந்து சம்மனசு எறங்கி காட்சி குடுத்த மாதிரி ஆயிடிச்சி.

நான் உடல. ஏன்யா, ஹார்பர் கிரேன்ல பத்து டன்னுன்னு எயுதியிருக்கு, பதினஞ்சும் தூக்கும்னு உனுக்கே தெரியும், அப்ப ஏன் பத்துன்னு எயுதி வெச்சிருக்கான்னு கேட்டேன். அது பயந்தவனுக்கு எயுதினது ஐரீன்னாரு. பன்னெண்டு வருசம் அந்த கிரேனுக்குக் கீய தலைய குனிஞ்சிகினு ஓடின மனுசன் பேசற பேச்சா ஃபாதர் அது?

ஆனா ஓடிச்சி. அத்தயும் சொல்லணும். குளுரு இருந்த வரைக்கும் நாலு செலரானும் அம்சமா ஓடிச்சி. இவரு சும்மா இருந்தாரா? வர்றவன் போறவன் எல்லாருக்கும் உதாரு. பெண்டியம் வாங்கனவன்லாம் ஏமாந்தவன்னு பீலா. அது திருவொற்றியூர் தேரடி வரைக்கும் போயிடிச்சி. அங்க தமீம்னு ஒருத்தரு சென்டர் வெச்சிருக்காரு. அவரு கிட்ட இருக்கறதெல்லாம் ஒரிஜினல் பெண்டியம். அவரு ஆள் அனுப்பிட்டாரு. வா, உன் பொட்டிய நீ தூக்கிகினு வா, எம் பொட்டிய நான் வெக்கறேன், ஒயரு போட்டு சேத்து கார் ரேஸு ஓட்டலாம், பத்து ரவுண்டு, ஓனருங்க நாமளே ஓட்டணும்னு.

ஈஸ்டர் முடிஞ்ச மறு ஞாயித்துக்கெயம. ஆமா, அன்னிக்கி பூசைக்கி வரல, அத்தயும் கணக்குல சேத்துக்கங்க. தமீம் கடையில நிக்க எடமில்ல. எம் புருசன் ஓட்டறத நீங்க பாக்கணும் ஃபாதர். வண்டி வளையற பக்கம் ஒடம்பே வளையுது. ஒம்போதாவது ரவுண்டு, தமீம் பின்னாடி எங்கியோ கீறாரு. அப்ப தான் நின்னுச்சி. காரு அந்தரத்துல அப்டியே நின்னுச்சி. இஞ்சின் சத்தம் மட்டும் ட்ர்ர்ர்ர்ருன்னு ஒரே எடத்துல இழுத்துகினே கீது. இவரு எல்லா பட்டனையும் அமுக்கறாரு, அமுக்கறாரு. பின்னாடிலேர்ந்து எவனோ ஒரு பேமானி, மன்னிச்சிருங்க, எவனோ ஒருத்தன் மெதுவா ஹேங்குன்னான். அவ்ளோதான், கடையே சிரிக்குது.

அன்னிலேர்ந்து அவரு பேரு ஹேங்கு தாமஸு. நாங்க பஸ்ஸு புடிச்சி கல்மண்டபம் வர்றதுக்குள்ள அந்தப் பேரு எங்களுக்கு முன்னாடி வந்து குந்திகினு கீது.

சூடு ஃபாதர், வேற ஒண்ணுமில்ல. மாசி வரைக்கும் தாங்கின சில்லு சித்திர வெயிலுக்குத் தாங்கல. இவரு உடுவாரா? எதிர் கம்பெனிலேர்ந்து ஐஸ் பாறைய வாங்கியாந்து, மீன் தொட்டியில வெச்சி, பின்னாடி டேபிள் ஃபேன உட்டு, மூடிய கழட்டிப் போட்ட கம்ப்யூட்டர் மேல காத்து அடிக்க வெச்சாரு. கடை ஃபுல்லா மீன் நாத்தம். கேம் ஆட வந்தவன்லாம் மூக்கப் புடிச்சிகினு ஓடிட்டான். பூன மட்டும் ரெகுலரா வந்திச்சி. சிரிக்காதீங்க ஃபாதர், பாவசங்கீர்த்தனத்துல சிரிக்கலாமா?

அப்பறம் அவரும் சிரிக்கறத நிறுத்திட்டாரு. ஷட்டரு பாதி தான் தொறக்கும். துன்றது இல்ல. ஒரு நாளு மத்தியானம் சோத்தப் போட்டுட்டு உள்ள போய் தண்ணி மொண்டுகினு வர்றேன், இவரு தட்டுல பருக்கைய ஒண்ணொண்ணா நகத்தி எண்ணிகினு கீறாரு. இன்னாயா பண்றேன்னேன். பயகிக்கறேன் ஐரீன், திரும்ப ஹார்பருக்கே பூடலாம்னு கீறேன், தினக்கூலிக்கு எண்றதுக்கு ஆள் எடுக்கறாங்களாம்னாரு. அன்னிக்கி நானும் துன்னல.

அந்த நெலமையில தான் தமீம் இன்னொரு ஆட்டத்துக்கு நாளு குறிச்சாரு. மே மாசம் கடைசி ஞாயிறு. பாவம் நல்ல மனுசன், தோத்தவனுக்கு ஒரு சான்ஸு குடுக்கணும்னு தான் குறிச்சாரு. அதே வாரம் நம்ம கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரும் ரிப்பேருக்கு எங்க கடைக்கி வந்திச்சி.

ஆமா ஃபாதர், நம்ம ஆபீஸ்து தான். ஃபிளாப்பி உள்ள மாட்டிகினு வராம போச்சே, அப்ப. நிமிந்து ஒக்காந்துட்டீங்க போல, சேரு சத்தம் போடுது.

அதுக்குள்ள இன்னா மூளைன்னு தெரியுமா உங்களுக்கு? வெளிநாட்லேர்ந்து யாரோ புண்ணியவான் வாங்கிக் குடுத்தது. பெண்டியம் டூ, நானூத்தம்பது. ராயபுரம் முச்சூடும் தேடினாலும் ரெண்டு கெடைக்காது. அத்த வெச்சிகினு நீங்க இன்னா பண்றீங்க? காலையில தேவப்பிரியம் அக்கா ஞானஸ்நான சர்டிபிகேட் அடிக்கறாங்க. சாயந்திரம் நீங்க அதுலயே சீட்டு ஆடறீங்க. கோவிச்சிக்காதீங்க, அக்கா தான் சொல்லிச்சி. சீட்டாடறதுக்கு முன்னூறே ஜாஸ்தி ஃபாதர்.

அதான். பெண்டியம் இங்க வந்திச்சி. செலரான் அங்க போச்சி. பொட்டி ரிப்பேராயி, மூடி போட்டு, தொடச்சி, ரிக்ஷாவுல கோயிலுக்கு வந்து சேந்திச்சி.

ரேஸா? ஜெயிச்சாரு. பத்து ரவுண்டும் நிக்காம ஓடிச்சி. தமீமே எந்திரிச்சி வந்து கட்டிப் புடிச்சிகினாரு. தேரடிலேர்ந்து பொட்டிய தோள்ல தூக்கிகினு தான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாங்க. இப்ப கடையில எடம் கெடைக்கல. ஜெயிச்ச பொட்டிய தொறந்தா ராசி பூடும்னு மூடி மேல அந்தோணியார் படத்த ஒட்டி வெச்சிட்டாரு. தொடச்சி பொட்டு வெக்காத கொற தான். வர்றவனுக்கெல்லாம் ஓவர்கிளாக்கிங் பத்தி பிரசங்கம், உங்களோடத விட நீளம். ரெண்டு தட்டு சோறு துன்றாரு.

இங்க இன்னாச்சின்னு நான் சொல்லத் தேவையில்ல. வாரத்துக்கு நாலு வாட்டி நிக்குதில்ல? மத்தியான நேரத்துல தான் நிக்கும். ஆயிரத்தித் தொளாயிரத்து நாப்பதுலேர்ந்து இருக்கற ஞானஸ்நானப் பேர எல்லாம் அக்கா ஒக்காந்து அடிச்சிச்சி, போச்சி. மறுபடி அடிச்சிச்சி, மறுபடி போச்சி. மூணு வாட்டி ஃபாதர். பங்குப் பேரவைக்காரங்க இன்னா சொல்றாங்க, தேவப்பிரியம் வெளிய இருந்து ஃபிளாப்பி கொண்ணாந்து வைரஸ் ஏத்திட்டா, வேலைய உட்டு நிறுத்துங்கன்னு. புருசன் இல்லாம ரெண்டு பொண்ண வெச்சிகினு கீது. முந்தாநாளு கொயாயில கொடத்த வெச்சிட்டு நின்னுச்சி. கொடம் ரொம்பி வயியுது, அது பாக்கவே இல்ல. நானா ஐரீன் வைரஸுன்னு என்னக் கேக்குது. நான் கொடத்தத் தூக்கி எடுப்புல வெச்சி உட்டேன்.

இல்ல, கேளுங்க. கேக்க வேண்டியது தான். இவ்ளோ பெரிய திருட்ட பண்ணிட்டு தாமஸு ஏன் வரல, பொண்டாட்டிய அனுப்பியிருக்காருன்னு தான?

அவரா? அய்யோ, அவருக்கு ஒண்ணுமே தெரியாது ஃபாதர். மாத்தனது நானு.

அவரு புது ஃபிளாப்பி டிரைவ மாட்டி முடிச்சிட்டு, உங்க பொட்டிய ஏத்த ரிக்ஷா கூட்டியாரப் போயிருந்தாரு. எட்டு நிமிசம் ஆச்சி. ஆறு மாசமா பக்கத்துல குந்திகினு பாக்கறேன், இது கூட வராதா? கறுப்ப புடுங்கி எங்க பொட்டியில சொருவினேன், பச்சைய உங்க பொட்டியில சொருவினேன். அத்தோட உட்டிருந்தா கூட பரவால்ல. அத முன்னூறுலயே உட்டிருந்தா அது பாட்டுக்கு சமத்தா ஓடியிருக்கும், எந்த வெயிலுக்கும் நின்னிருக்காது. ஆனா கம்ப்யூட்டர போட்டதும் திரையில ஒரு நம்பரு வருமே, கம்மியா வந்தா அக்கா கண்டுபுடிச்சிருமேன்னு, ஜம்பர நூறுல வெச்சேன். நானூத்தம்பதுன்னு காட்டணும்னு. அவரு வர்றதுக்குள்ள ரெண்டு பொட்டிக்கும் மூடியப் போட்டு முடுக்கிட்டு, எங்களுத ரேஸுக்குத் தூக்கிகினு போவ ரெடி பண்ணிட்டேன்னேன். திருடனது ஒரு பாவம்னா, அது பெருசில்ல ஃபாதர். அந்த நம்பருக்குத் தான் அக்கா அய்துகினு கீது.

அவரு கிட்ட சொல்லியிருக்கலாம் தான். எத்தினி வாட்டி வாய் வரைக்கும் வந்திச்சி தெரியுமா? சொன்னா இன்னா நெனப்பாரு, சில்லு ஜெயிச்சிச்சி, நான் ஜெயிக்கலன்னு தான நெனப்பாரு. சில்லா ஃபாதர் ஓட்டிச்சி? அது நிக்காம இருந்திச்சி, அவ்ளோதான். அந்தப் பத்து ரவுண்டும் ஒடம்ப வளச்சி வளச்சி ஓட்னது எம் புருசன். அத்த அவருக்கு எப்டி புரிய வெக்கறதுன்னு எனுக்கு இன்னமும் தெரியல.

சொல்லத்தான் போறேன். இல்ல, நாளைக்கி இல்ல. பேரவைக்காரங்க பொட்டியத் தொறந்து பாக்க இன்னிக்கி ஆள் வரச் சொல்லியிருக்காங்கல்ல? வேற யாரு, தாமஸு தான். மொதல்ல மாட்டேன்னாரு, கடையில கூட்டமா கீதுன்னாரு. தேவப்பிரியம் அக்காவுக்காக ஒரு எட்டு போய் பாருன்னு நான் தான் அனுப்பி வெச்சேன். எனுக்கு வாயால சொல்ல தெகிரியம் வரல, அவரே கண்ணால பாக்கட்டும்னு. நாலு செலரானுக்கும் அவரு கையால மார்க்கர்ல நம்பரு போட்டு வெச்சிருக்காரு, மூடியத் தொறந்தா ஒரு செகண்டு ஆவாது.

நாலு மணிலேர்ந்து ஆபீஸ்ல திருப்புளியோட ஒக்காந்துகினு கீறாரு ஃபாதர். மூடிக்கு மொத்தமே நாலு ஸ்குரூ தான், இந்நேரம் கழட்டியிருப்பாரு. சீக்கிரம் மன்னிப்பக் குடுங்க. அவரு என்னத் தேடிகினு வர்றதுக்குள்ள நானா போய் அவரு முன்னாடி நிக்கணும்.