போறணையில் போடாத புத்தகங்கள்

ஓடுகிறோம். மிளகுத் தோட்டம். ஏற்றம். மனைவி முன்னால். மகள் நடுவில். நான் கடைசி. கீழே தகரத்தில் கல் விழுகிறது. பிறகு கண்ணாடி. பிறகு பெரிய மூச்சு ஒன்று விட்ட மாதிரி ஒரு சத்தம். அது பெற்றோல் பற்றும் சத்தம். அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"மேல ஏறுங்க! திரும்பிப் பாக்க வேணாம்!"

நான்தான் கத்தினேன். மகள் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை. முஸ்லிம் கடைகளைத் தேடி ஒரு சிங்களக் கும்பல் வந்தது. பின்னேரப் பாணுக்கு மா பிசைந்து வைத்திருந்த நேரம். கண்டிக்குக் கிட்ட, குண்டசாலைப் பக்கம் எங்கள் பேக்கரி. முன்னால் கடை, பாணும் பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டியும் விற்போம். பின்னால் போறணை, பாண் சுடுகிற செங்கல் அடுப்பு. அதற்கும் பின்னால் வீடு. கடை முழுதாக எரிந்தது. வீடு பாதி எரிந்தது. போறணைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நெருப்புக்கென்றே கட்டியது.

ஊரடங்கு போட்டார்கள். அக்குறணையில் மச்சான் வீட்டில் கிடந்தோம். மகள் பெயர் நுஸ்ரா. கம்பஸில், பல்கலைக்கழகத்தில், முதல் வருடம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"வாப்பா, அந்த த்ரீவீல் ஐயா காலையில நம்மட கடையிலதானே பணிஸ் திங்கிற. அவரும் கல்லோட நிண்ட. நான் கண்ட. எப்பிடி வாப்பா?"

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மாவும் விறகும்தான் தெரியும்.

கம்பஸில் ஒரு பாடம் தெரிவு செய்யச் சொன்னார்கள். அவள் தெரிவு செய்தது பயங்கரவாதம். சும்மா இருந்த ஒருவன் எப்படி அந்தப் பக்கம் போகிறான். யார் கூட்டிப் போகிறார்கள். அரசாங்கம் எப்படித் தடுக்கிறது. தடுக்கப் போய் எப்படி இன்னும் நாலு பேரை உண்டாக்கிவிடுகிறது. இதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறதாம். என் மனைவி ஸரீனா தலையில் கைவைத்தாள்.

"டொக்டர் படிப்பு, டீச்சர் படிப்பெல்லாம் முடிஞ்சி போச்சா? பயங்கரவாதம் படிச்ச புள்ளயக் கேட்டு எந்த மாப்புள வருவான்?"

"வாரவரு பயந்துகிட்டு ஒழுங்கா இரிப்பாரு உம்மா."

சிரித்தோம். திரும்பி வந்திருந்த பாதி வீட்டின் சுவரில் இன்னும் கரி இருந்தது.

அந்த த்ரீவீல்காரனிடமே, ஆட்டோ ஓட்டுகிறவனிடமே, போய்க் கேட்டாள். பாடத்துக்காக. அவன் தலையைச் சொறிந்தானாம். "எல்லாரும் எறிஞ்சாங்க, நங்கி. நானும் எறிஞ்சேன்." நங்கி என்றால் தங்கச்சி. அதற்குப் பிறகு, தகரம் போட்டு மறுபடி திறந்த கடைக்கும் வந்தான். பணிஸ் கேட்டான். கொடுத்தேன்.

வீட்டில் புத்தகங்கள் சேர்ந்தன. எல்லாம் இங்கிலீசு. ஒன்றின் அட்டையில் துவக்கு, துப்பாக்கிப் படம். இன்னொன்றில் முகம் மூடிய ஆள். எட்டுப் புத்தகம். அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

அடுத்த வருடம். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயங்களில் குண்டு வெடித்தது. சத்தம் கண்டிக்குக் கேட்கவில்லை. றேடியோவில் கேட்டோம். பெருநாள் உடுப்போடு பிள்ளைகள் செத்துக் கிடந்தார்களாம். பின்னேரம் குண்டு வைத்தவர்களின் பெயரைச் சொன்னார்கள். எங்கள் பெயர்கள். ஸரீனா றேடியோவை நிறுத்தினாள். அன்று சுட்ட பாண் அப்படியே இருந்தது. யாரும் வரவில்லை.

தேடுதல் தொடங்கியது. சப்பாத்துச் சத்தம். நாய்ச் சத்தம். வீடு வீடாக வருகிறார்கள். அரபு எழுத்துக் கலண்டரையும் எடுத்துப் போகிறார்களாம். தேங்காய் வெட்டும் கத்தியை ஒருவர் கிணற்றில் போட்டார். மகள் ஹொஸ்டலில். ஊரடங்கு. வர வழியில்லை. மச்சான் போனில் கத்துகிறான்.

"புள்ளட புத்தகத்தயெல்லாம் போறணையில போடுங்க! இப்பவே போடுங்க!"

போறணை வாய் திறந்து எரிகிறது. ஒரு நிமிட வேலை. எடுத்துக்கொண்டு போனேன். ஒரு புத்தகம் கையில் விரிந்தது. நடுவில் ஆயத்து. குர்ஆன் வசனம், அரபு எழுத்தில். இங்கிலீசு எனக்குத் தெரியாது. ஆயத்துத் தெரியும். சின்ன வயதில் ஓதிய அதே ஆயத்து. அந்தக் குண்டுக்காரர்கள் அதை எப்படித் திரிக்கிறார்கள் என்று காட்டத்தான் அச்சடித்திருந்ததாம். மகள் பிறகு சொன்னாள். எதற்கு அச்சடித்தாலும் ஆயத்து ஆயத்துத்தான். மரத்தூளோடும் குப்பையோடும் அதை எரிக்க என் கை வரவில்லை. எங்கள் வழக்கம் வேறு. பழைய கிதாபு, கிழிந்த ஏடு, எதுவானாலும் ஓடுகிற தண்ணீரில் விடுவோம்.

ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்தேன். அவற்றைப் போறணையில் போட்டேன்.

விடியற்காலைச் சுபஹு தொழுதேன். ஊரடங்கு எடுத்ததும் புத்தகங்களை மாச்சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்தேன். மகாவலிப் பாலம். கீழே இறங்கினேன். கல் கட்டவில்லை. ஓடவிடுவதுதான் முறை. விட்டேன். சாக்கு மிதந்தது. பத்து முழம் போய் மூங்கில் வேரில் மாட்டியது.

"ஹோய்! நவத்தப்பன்!"

பாலத்தின் மேல் ஆமிக்காரர்கள், நிறுத்தச் சொல்கிறார்கள். துவக்கு இழுக்கும் சத்தம். கை தூக்கினேன்.

மேசை. ஈரப் புத்தகங்கள். தண்ணீர் சொட்டுகிறது. அதிகாரி சிங்களத்தில் கேட்கிறார். யாருடையது?

என்னுடையது.

வாசி.

ஒன்றைக் கையில் எடுத்தேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "முதலாளி தலைகீழாப் பிடிச்சிருக்காரு."

பணிஸ் சுற்ற வாங்கியது என்றேன். பழைய கடதாசிக் கடையில், நிறைக்கு. உள்ளே ஆயத்து இருந்தது. அதில் பணிஸ் சுற்ற ஏலாது. அதனால் ஆற்றில் விட்டேன். பாதி உண்மை. பாதிப் பொய். அடித்தபோதும் அதையே சொன்னேன். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார்கள். கணக்கு என்றேன். கம்பஸில் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் விசாரிக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ. இருக்கலாம். அவளையும் பிடித்து உள்ளே வைத்திருப்பார்களோ. அதுவும் இருக்கலாம். ஒரு முஸ்லிம் பெண். அவளிடம் எட்டுப் புத்தகம். நான் அந்தச் சூதை ஆடவில்லை.

ஒரு பின்னேரம். கம்பி போட்ட ஜன்னல். வாசலில் த்ரீவீல் நிற்கிறது. அதே ஆள். அந்த நாட்களில் எங்கள் பெண்களை ஏற்ற யாரும் இல்லை. அவன் ஏற்றியிருக்கிறான். மகள் இறங்குகிறாள். கையில் கம்பஸ் அட்டை. முகத்தைப் பார்த்தேன். புத்தகம் தன்னுடையது என்று சொல்லத்தான் வருகிறாள். கேற்றைத் தாண்டிவிட்டாள்.

"வராத! போ! இந்தப் புள்ள ஆரெண்டே எனக்குத் தெரியா!"

தொண்டை கிழியக் கத்தினேன். காவலுக்கு நின்றவன் என் வாயில் அடித்தான். மகள் அப்படியே நின்றாள். த்ரீவீல்காரன் ஹோர்ன் அடித்தான். ஒரு தரம். நீளமாக. அவள் திரும்பிப் போனாள். இந்த முறை அவள் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் தேநீர் கொண்டுவந்தவன் சொன்னான். "உன் மனைவி செத்துப்போனாளாம்." நெஞ்சு வருத்தம், மாரடைப்பு. அடக்கம் முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. நான் ஜனாஸா, இறந்தவருக்கான தொழுகை, தொழவேண்டும். ஜன்னல் இல்லாத அறை. கிப்லா, தொழும் திசை, எந்தப் பக்கம் என்று காவல்காரனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பாவம், வெளியே போய்ச் சூரியனைப் பார்த்து வந்து கை காட்டினான். தனியே நின்று தொழுதேன். வரிசைக்கு ஆள் இல்லை.

பிறகு விட்டார்கள். வழக்கு இல்லை. காரணமும் சொல்லவில்லை.

மகள் அந்தப் படிப்பை விடவில்லை. முடித்தாள். இப்போது வெளிநாட்டில் அதையே படிப்பிக்கிறாள். வரச் சொல்ல எனக்குப் பயம். வர அவளுக்கும் பயம். வெள்ளிக்கிழமைகளில் பேசுவாள்.

"வாப்பா, உங்கட விசயத்த எழுதவா? பேர் போட மாட்டேன்."

வேண்டாம் என்றேன். பேர் இல்லாமல் எழுதினால் அது யாருக்கோ நடந்தது. இப்போது நானே எழுதுகிறேன்.

போறணை இன்னும் எரிகிறது. கொஞ்சப் பாண்தான். த்ரீவீல்காரன் வருவான். பணிஸ் தின்பான். காசு வைத்துவிட்டுப் போவான்.

போனவை இவை. கடை ஒன்று. பாதி வீடு. எட்டுப் புத்தகம், அவை திரும்பி வரவில்லை. முன்பல் இரண்டு. ஸரீனா. அவளுக்கு நான் தூக்காத சந்தூக்கு, ஜனாஸாப் பெட்டி. மகளின் பெயர் எழுதிய எட்டுப் பக்கம், அவற்றை எரித்தது நான்.

மகளை இதில் சேர்க்கவில்லை. அவள் இருக்கிறாள்.