உள்பக்கத்து டயர்

உள்ளேயே தங்கிப் பயணம் போகிற பழைய வேன் வாங்க வருகிறவர்கள் முதலில் திரைச்சீலையைத்தான் பார்ப்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, கான்ஸ்டபிள். ஒரு தகவலாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. எழுதி முடித்ததும் உங்கள் ரோந்துக் காரின் இடது பின் டயரைக் கொஞ்சம் பாருங்கள். தேய்ந்துபோயிருக்கிறது. என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே கவனித்தேன். நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

என் பெயர் லின்ட்சே டூகல். வயது அறுபத்தொன்பது. முப்பத்தெட்டு வருடம் அலெக்ஸாண்ட்ராவில் வாகனச் சோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். இந்த ஒட்டாகோ மலைப்பக்கத்து வண்டிகளில் பாதி, அடிப்பக்கத்தைப் பார்க்க நான் இறங்கி நிற்கிற குழியின் மேல் நின்றவைதான். பிரேக் பிடிக்காத வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வந்து, "எல்லாம் சரியாயிடும் லின்ட்சே, இந்த ஒரு தடவ விட்டுடுங்க" என்று பல்லைக் காட்டியவர்களை எண்ணி முடியாது. நான் ஒருவரையும் விட்டதில்லை. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. அதில் வருத்தமும் இல்லை.

போன இலையுதிர்காலத்தில் ராக்ஸ்பரோவில் செத்துப்போன ஒருவரின் வீட்டுக் கொட்டகையிலிருந்து அந்த வேனை வாங்கினேன். முப்பது வருடப் பழசு. ஜப்பான்காரன் செய்த சின்ன லாரியின் முதுகில் ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு கேஸ் ஹீட்டர். கார் நிற்கிற இடத்தில் அடக்கமாக நின்றுவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது. உள்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கியது. கூரைத் தகடுகள் சேருகிற தையலில் ஒழுகி, சட்டமெல்லாம் உளுத்துவிட்டது. குளிர்காலத்தில் பாதிக்கு மேல் உட்கார்ந்து பலகைகளைப் பிரித்தேன், சட்டத்தை மாற்றினேன், தையலைச் சுரண்டிப் புதிதாக அடைத்தேன். பிரேக் குழாய்கள், கேஸ் குழாய்கள், எல்லாம் புதுசு. யார் கண்ணிலும் படாத வேலை. அப்படிப்பட்ட வேலையைத்தான் நான் மதிப்பேன்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். ஹீட்டரின் புகையை வெளியே கொண்டுபோகிற குழாய், கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அந்தப் புகைக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். புதுக் குழாய் வரவழைத்து, பிரிக்காமல் கொட்டகை ஆணியில் மாட்டியிருந்தேன். கடைசி வேலையாகச் செய்யலாம் என்று இருந்தேன். அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

டனீடனிலிருந்து ஒரு ஜோடி வந்தது. அந்த ஆள் முன் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, ஏதோ பெரிய சோதனை செய்துவிட்டவன்போலத் தலையாட்டினான். மனைவி திரைச்சீலையைத் தடவிப் பார்த்து, "இந்தக் கலர் கொஞ்சம் மந்தமா இருக்குல்ல?" என்றாள். இன்னொருவன் பூட்ஸோடு கட்டிலில் படுத்துக்கொண்டு, ஃபிரிட்ஜில் எத்தனை பீர் நிற்கும் என்று கேட்டான். ஒருவர்கூட வண்டிக்கு அடியில் குனியவில்லை. ஹீட்டரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இதற்குள்ளே படுத்துத் தூங்கப்போகிற உயிர் தங்களுடையது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. ஆடுகள்கூட வேலியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போகும். நான் வாயைத் திறக்காமல் எல்லோரையும் அனுப்பிவிட்டேன்.

பிறகு நைரி வெப்லி வந்தாள். ரான்ஃபர்லியில் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கணவன் இல்லை. வீட்டை விற்றுவிட்டு இனி வண்டியிலேயே வாழ்வதாக முடிவெடுத்திருந்தாள். கோடையில் பழம் பறிக்கிற வேலை, மற்ற நாளில் தெற்குத் தீவைச் சுற்றுவது. மெக்கானிக்குகள் போடுகிற முழு உடுப்பைப் போட்டுக்கொண்டு, டார்ச்சும் குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியும் கொண்டுவந்திருந்தாள். திரைச்சீலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைக் கட்டைவிரலால் மூலை மூலையாக அழுத்தினாள்.

"இந்த மரவேலை யார் செஞ்சது? நீங்களா?"

"ஆமா."

"காசு குடுத்தாலும் இப்படி யாரும் செய்யமாட்டாங்க, லின்ட்சே."

எனக்கு சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? முப்பத்தெட்டு வருடத்தில் என் வேலையைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் அன்றைக்குத்தான் கிடைத்தாள். அந்த நிமிடம் அவள் கேட்டிருந்தால் வண்டியைச் சும்மாவே கொடுத்திருப்பேன்.

பிறகு அவள் வண்டிக்கு அடியில் போனாள். பின்பக்கம் ஒவ்வொரு பக்கமும் இரட்டை டயர். உள்பக்கத்து டயரை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமானால் ஈர ஜல்லியில் மல்லாந்து படுக்க வேண்டும். அவள் படுத்தாள்.

"லின்ட்சே, இந்த உள்டயர் ரெண்டாயிரத்தொம்பதுல செஞ்சது."

"இருக்காது. ஆறும் புதுசு."

"நீங்களே வந்து பாருங்களேன்."

நானும் படுத்தேன். அவள் டார்ச் அடித்தாள். டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் நான்கு இலக்கமாக அச்சடித்திருப்பார்கள். கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. பதினாலு வருடப் பழசு. ஓடும்போது வெடித்துச் சிதறுகிற சரக்கு. ஆறையும் மாற்றிவிட்டதாக டயர் கடைக்காரன் சொன்னான், நான் நம்பிவிட்டேன். அவன் சொன்னான், இவன் சொன்னான் என்று வந்து நின்றவர்களில் எத்தனை பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன் தெரியுமா?

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "விடுங்க, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றாள். யாருக்கும்! உதைத்துப் பார்த்தவனுக்கும் பீர் எண்ணியவனுக்கும் நடப்பது எனக்கும் நடக்கும் என்கிறாள், ஒரு பஸ் ஓட்டி.

உள்ளே போனோம். "ஹீட்டர் எப்படி?" என்றாள். கண்ணாடி கையில் இருந்தது. கட்டிலைத் தூக்கினால் அரை நிமிட வேலை.

"போன வாரம்தான் புகைக்குழாய நானே மாத்தினேன்."

"அலாரம் ஒண்ணுதான் இருக்கா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான் அது. கேஸ் கசிஞ்சாலும் கத்தும், புகை வந்தாலும் கத்தும்."

அது கேஸுக்கு மட்டுமானது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அது இன்னும் சிவந்துதான் இருந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு மனிதன் தன் கையால் செய்தேன் என்று சொன்ன பிறகு, காகிதம் காட்டு என்று கேட்பதும் குனிந்து பார்ப்பதும் அவனைப் பொய்யன் என்று சொல்வதற்குச் சமம். ஏற்கெனவே ஒருமுறை என்னைக் குனிய வைத்துவிட்டாள். இன்னொரு முறை வேண்டாம் என்று நினைத்தாள். எனக்கு அது அப்பட்டமாகத் தெரிந்தது. கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரிதான்" என்று கை கொடுத்தாள்.

வண்டியை எடுக்க அவள் வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது. மறுநாளே அந்த டயரை மாற்றினேன். ஆறின் தேதியையும் படுத்துப் படித்தேன், இரண்டு தடவை. குழாய் ஆணியிலேயே தொங்கியது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். இந்த வயதில் எதை வேண்டுமானாலும் மறக்கலாம். நான் மறக்கவில்லை. தினம் காலையில் கொட்டகையைத் திறந்து அதைப் பார்த்தேன். மாட்டினால், போன வாரமே மாட்டிவிட்டேன் என்று சொன்னவன் இப்போது மாட்டுவதாக ஆகிவிடும். ஏற்கெனவே மாட்டிய குழாயை யாராவது மாட்டுவார்களா?

அவள் இஞ்சிக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். டயரை மாற்றிவிட்டேன், வந்து பார் என்றேன். "நீங்க சொன்னா போதும்" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாள். அந்தப் பெண்ணின் கவனமெல்லாம் என்ன ஆயிற்று என்று எனக்கு வெறுப்பாக இருந்தது. கேக் நன்றாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலை, நேஸ்பி பக்கத்தில் வேன்களை நிறுத்தித் தங்குகிற முகாமிலிருந்து போன் செய்தாள்.

"தொந்தரவு பண்றேனோ, லின்ட்சே? ரெண்டு நாளா எழுந்திருக்கும்போது தலை பொளக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. ஹீட்டர்ல ஏதாச்சும் இருக்குமா?"

"அந்தக் குளிர்க்காத்து அப்படித்தான் பண்ணும். நெறைய தண்ணி குடி."

"ஜன்னல கொஞ்சம் தெறந்து வெச்சுப் படுக்கவா?"

"மைனஸ் எட்டு போகப்போகுதுன்னு சொல்றான். இறுக்கி மூடிட்டுப் படு."

"சரி, மூடிக்கிறேன்" என்றாள். பிறகு, "அன்னிக்கு டயர் விஷயத்துல உங்க மனச நோகடிச்சுட்டேன்னு நெனைக்கிறேன். அப்படி வெடுக்குனு சொல்லியிருக்கக் கூடாது. நீங்க பண்ணின வேலை அருமையான வேலை, லின்ட்சே" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். குழாயை ஆணியிலிருந்து எடுத்து, ஸ்பேனர் பெட்டியோடு காரில்கூட வைத்தேன். ஒரு மணி நேர வழி. போயிருந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்திருக்கும். அவள் கோபப்பட்டிருக்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். டீ போட்டுக் கொடுத்து, யாருக்கும் நடக்கிறதுதான் என்று சொல்லியிருப்பாள். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். குழாயை எடுத்துப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிட்டேன், தோட்டத்துக்கு வேலி கட்டினேன். மறுநாள் முகாம்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிட்டார்.

நீங்கள் வந்தபோது குழாய் உறை பிரிக்காமல் அங்கேயே இருந்தது. ஒளித்து வைக்க நான் என்ன திருடனா? நைரி வெப்லி செத்தது அவளுடைய கவனக்குறைவால் அல்ல. அந்த ஓட்டை எனக்குத் தெரியும், அந்தக் குளிரில் மூடிய வேனுக்குள் அது என்ன செய்யும் என்றும் தெரியும், தெரிந்துதான் ஜன்னலை மூடச் சொன்னேன். கொலை என்றே எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போடுகிறேன், வக்கீல் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயம். இதைக் கோர்ட்டில் வாசிப்பார்கள், பேப்பரில் போடுவார்கள். சோதனை நிலையத்து ஆட்கள் டீ குடித்துக்கொண்டு படிப்பார்கள். அந்த டயர் சமாச்சாரத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா?