நாலு சக்கரமும் எப்பவும் இழுக்கணும்

குணாளன்: திரும்பச் சொல்லு மச்சான். தே தண்ணிய கீழ வெச்சுட்டுக் கேக்குறேன்.

ரூபேந்திரன்: நாலு சக்கரமும் எப்பவும் இழுக்கணும். லிவரே இருக்கக்கூடாது.

குணாளன்: இது ஃபோர்-வீல் பிக்கப். ரோட்ல பின்னால ரெண்டு சக்கரம் இழுக்கும். சேறு வந்தா லிவர இழு, நாலும் இழுக்கும். ஒனக்குக் கை இருக்குல்ல?

ரூபேந்திரன்: கை இருக்கு. லிவர்தான் வேணாங்கிறேன்.

குணாளன்: ஏன்?

ரூபேந்திரன்: மழைலா.

குணாளன்: நம்ம ஊரு பாலோவுல இன்னிக்குத்தான் புதுசா மழ பேயுதா?

ரூபேந்திரன்: செம்பனைக் காட்டு ரோடு மோசமா இருக்கு…

குணாளன்: அதுக்குத்தான்டா லிவரு!

ரூபேந்திரன்: மெர்சிங் போற ரோட்ல வழுக்குது.

குணாளன்: நீ எப்ப மெர்சிங் போன?

ரூபேந்திரன்: போகலாம்னு இருக்கேன்.

குணாளன்: போகும்போது சொல்லு, நானும் வர்றேன், மீன் வாங்கணும். இப்ப உண்மையச் சொல்லு.

ரூபேந்திரன்: லிவரப் போட்டபடியே எப்பவும் ஓட்டுனா என்ன?

குணாளன்: காஞ்ச ரோட்ல திரும்பும்போது அடியில எல்லாம் முறுக்கிக்கிட்டு ஒடஞ்சிரும். நீ கேக்குற மாதிரி வேணும்னா நடுவுல இருக்கிற கியர் பெட்டியையே கழட்டி வீசணும். பெரிய ஜீப்புல வர்ற பெட்டிய மாட்டணும். ஜப்பான்லேருந்து பாதியா வெட்டி அனுப்புற வண்டி இருக்கே, ஹாஃப்கட், அந்தக் கடையெல்லாம் ஏறி எறங்கணும். அப்புறம் பெட்டியிலேருந்து சக்கரத்தச் சுத்துற ஷாஃப்ட்ட அளவுக்கு வெட்டி ஒட்டணும். நல்லா ஓடுற வண்டிய எதுக்கு என்னை அறுக்கச் சொல்ற? என் தங்கச்சியக் கட்டிக் குடுத்த பாவத்துக்கா?

ரூபேந்திரன்: ஒந்தங்கச்சிதான் அனுப்பிச்சா.

குணாளன்: …யாரு?

ரூபேந்திரன்: கஸ்தூரி. ஒனக்கு வேற தங்கச்சி இருக்கா?

குணாளன்: அவளுக்கு எதுக்கு இதெல்லாம்?

ரூபேந்திரன்: வர்ற மாசம் கோயில் திருவிழா. இந்த வருஷமும் அம்மன் ரதத்த என் வண்டிதான் இழுக்கணும்னு கோயில் தலைவர் மணியம் சொல்லிட்டாரு.

குணாளன்: இழு. பெருமதானே.

ரூபேந்திரன்: பெருமதான். போன வருஷம் எங்க நின்னுச்சு?

குணாளன்: எது?

ரூபேந்திரன்: அலமாக்… அடப்பாவி, எதுவா? ரதம்!

குணாளன்: எங்க வீட்டு வாசல்ல.

ரூபேந்திரன்: நின்ன ஒடனே காளியம்மா அத்தைக்கு அருள் வந்துச்சே, என்ன சொன்னாங்க?

குணாளன்: “என் ரதத்த இழுத்தவனுக்கு இந்த வீட்டுப் பொண்ணக் குடு”ன்னாங்க.

ரூபேந்திரன்: குடுத்தீங்க. தை மாசம் கல்யாணம். இப்ப அவ சொல்றா… இந்த வருஷம் வேற எந்தப் பொண்ணு வீட்டு முன்னால ரதம் நின்னாலும், நீங்க அங்கயே இருந்துக்கங்க, இங்க வராதீங்கன்னு. பையக்கூட கட்டி வெச்சுட்டா மச்சான். கைலிய மடிச்சு, மேல பல்லு வெளக்குற பிரஷ வேற வெச்சு.

குணாளன்: பிரஷுமா? ஹா ஹா… பாசக்காரிலா!

ரூபேந்திரன்: சிரிக்காத. ரதம் போற வழியில வயசுப் பொண்ணு இல்லாத வீடு ஒண்ணு காட்டு பாப்போம். தலைவர் வீட்லயே அவரு பொண்ணு பிரவீனா இருக்கு.

குணாளன்: பிரவீனா நல்ல பொண்ணு.

ரூபேந்திரன்: வாய மூடு! எனக்கு இருக்கிற பயம் ஒனக்குத் தெரியாது.

குணாளன்: என்ன பயம்?

ரூபேந்திரன்: அவ என்னைப் புடிச்சுக் கட்டிக்கிட்டாளா, அருளுக்குப் பயந்து கட்டிக்கிட்டாளான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. வாயத் தொறந்து கேக்கவும் முடியல. இப்ப பைய வேற கட்டி வெச்சிருக்கா. என்னைத் தொரத்திவிட சாக்கு தேடுறாளோன்னு இருக்கு.

குணாளன்: சேச்சே… அப்படியெல்லாம் இருக்காது.

ரூபேந்திரன்: ஒனக்கு எப்படித் தெரியும்?

குணாளன்: அண்ணன்காரனுக்குத் தெரியாதா? சரி, கோயில் வாசல்லயே லிவரப் போட்டுட்டு மெதுவா ஓட்டு. எங்கயும் நிக்காது.

ரூபேந்திரன்: போன வருஷமும் போட்டேன்! மீட்டர்ல வெளக்குக்கூட எரிஞ்சுது. ஒங்க வாசல்ல கான் அடச்சு சாக்கடத் தண்ணி தேங்கி எப்பவும் சேறுதானே… அதுல பின் சக்கரம் சுத்துது, சுத்துது, முன் சக்கரம் சும்மாவே கெடக்கு. அப்ப அது அம்மாவோட வேலதானே?

குணாளன்: …ஆமா.

ரூபேந்திரன்: என்ன, இழுத்துச் சொல்ற?

குணாளன்: தே தண்ணி சுட்டுருச்சு.

ரூபேந்திரன்: அது அப்பவே ஆறிப் போச்சு. இரு இரு… அவதான் கூப்புடுறா. ஃபாக்டரியில பிரேக் டைம். சொல்லு கஸ்தூரி, அண்ணன் கடையிலதான் நிக்கிறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

கஸ்தூரி: அண்ணே, முடியாதுன்னு சொல்லியிருப்பியே?

குணாளன்: யாரு சொன்னா? தேவையில்லன்னுதான் சொன்னேன்.

கஸ்தூரி: தேவ இருக்குண்ணே.

குணாளன்: ராத்திரி வீட்டுக்கு வர்றேன், அப்ப பேசிக்கலாம்.

கஸ்தூரி: இப்பவே பேசணும். இப்ப இருக்கிற வண்டியில யாராச்சும் முன் ஷாஃப்ட்டக் கழட்டிட்டா என்ன ஆகும்? ரோட்ல நல்லாத்தான் ஓடும். லிவரப் போட்டா வெளக்கும் எரியும். ஓட்டுறவருக்கு ஒண்ணும் தெரியாது. சேத்துல எறங்குனாத்தான் நிக்கும். சரிதானே?

குணாளன்: கஸ்தூரி…

கஸ்தூரி: நாலும் எப்பவும் இழுக்கிற பெட்டியப் போட்டுட்டா, ஷாஃப்ட்டக் கழட்டுன வண்டி வீட்ட விட்டே நகராது. காலையிலயே குட்டு தெரிஞ்சுரும். எனக்கு அதான் வேணும்.

குணாளன்: ஃபோன வையி தாயே!

கஸ்தூரி: இப்ப எதுக்குக் கத்துற? பெல் அடிச்சுட்டாங்க, போறேன். ஏங்க, அண்ணன் சாப்ட்டாரான்னு கேளுங்க.

ரூபேந்திரன்: சாப்ட்டியான்னு கேக்கச் சொன்னா.

குணாளன்: சாப்ட்டேன். புத்திசாலிப் பொண்ணுலா. யூடியூப்ல பாத்திருப்பா.

ரூபேந்திரன்: மச்சான்.

குணாளன்: இப்பல்லாம் யூடியூப்ல ராக்கெட் செய்யவே கத்துக் குடுக்குறான்.

ரூபேந்திரன்: மச்சான். சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியாதவ ஒந்தங்கச்சி. அவளுக்கு எப்படி முன் ஷாஃப்ட்டு தெரியும்?

குணாளன்: மெக்கானிக் தங்கச்சி…

ரூபேந்திரன்: போன வருஷம், திருவிழாவுக்கு மொத நாளு, என் வண்டி எங்க நின்னுச்சு?

குணாளன்: இங்கதான். எஞ்சின் எண்ண மாத்த வந்துச்சு.

ரூபேந்திரன்: எண்ண மட்டும்தான் மாத்துனியா?

குணாளன்: இந்த ஸ்பேனர எங்க வெச்சேன்…

ரூபேந்திரன்: ஏன் ஸ்பேனரத் தேடுற? கையிலதானே இருக்கு.

குணாளன்: எனக்கு இஷ்டமே இல்ல மச்சான்! அவதான் அழுதா. நான் பாவிப்பய, தங்கச்சி அழுதா மனசு கேக்காது. கழட்டி அந்தப் பழைய டயருக்குப் பின்னால போட்டேன். ரதம் கோயிலுக்குப் போயி சேந்த பெறகு, ரேடியேட்டர் ஒழுகுதுன்னு பொய் சொல்லி வண்டியக் கொண்டாந்து திரும்ப மாட்டுனேன்.

ரூபேந்திரன்: காளியம்மா அத்தையையும் கூட்டு சேத்துக்கிட்டீங்களா?

குணாளன்: கன்னத்துல போட்டுக்க! அது நெசமாவே வந்த அருள். அத்தைக்கு ஒண்ணும் தெரியாது. கஸ்தூரி என்கிட்ட கேட்டது இவ்வளவுதான்… “அண்ணே, அவரு வண்டி நம்ம வாசல்ல கொஞ்ச நேரம் நின்னா போதும். மோரு குடுக்கிற சாக்குல நாலு வார்த்த பேசிருவேன்”னு. அவ டம்ளரோட வெளிய வர்றதுக்குள்ள அத்தை ஆடி, கல்யாணத்தையே பேசி முடிச்சுட்டாங்க.

ரூபேந்திரன்: அந்த மோரு?

குணாளன்: நான் குடிச்சேன். ஒரே மடக்குல.

ரூபேந்திரன்: அவளாவா வந்து கேட்டா?

குணாளன்: எத?

ரூபேந்திரன்: நான் நிக்கணும்னு. அருளுக்கு முன்னாலயே… அவளாவா கேட்டா?

குணாளன்: ஒரு மாசமா என் உயிர எடுத்தாடா. நீ எந்த நேரத்துக்கு வண்டிய எடுக்குற, எந்தக் கடையில ரொட்டி சானாய் திங்கிற, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இப்ப அவளுக்குப் பயம் எதுக்குன்னு புரியுதா? தான் செஞ்சத நாளைக்கு வேற எவளாச்சும் செஞ்சுட்டா என்ன பண்றதுன்னு பயம். எனக்கும் ஒரு வருஷமா நிம்மதியே இல்ல. கோயிலுக்குப் போனா அம்மா மொகத்தப் பாக்க முடியல. உண்டியலப் பாத்துக் கும்புட்டுட்டு வந்துர்றேன். என்னைத் திட்டு, அடி, வாங்கிக்கிறேன். அவகிட்ட மட்டும் போயி கேட்டுறாத. ஒடஞ்சு போயிருவா.

ரூபேந்திரன்: கேக்க மாட்டேன்.

குணாளன்: நெசமா?

ரூபேந்திரன்: பெட்டிய எப்ப மாத்தித் தருவ?

குணாளன்: இதென்னடா ஆளு நீ! நானும் ஒம் பொண்டாட்டியும் சேந்து சாமி பேரால ஒன்ன ஏமாத்தியிருக்கோம். கோவமே வரலியா? அங்க என்ன திரும்பிக்கிட்டு கண்ணத் தொடைக்கிற?

ரூபேந்திரன்: திருவிழா அன்னிக்குக் காலையில வண்டி கழுவும்போதே பாத்துட்டேன்லா, ஷாஃப்ட்ட காணோம். நீ மாட்ட மறந்துட்டன்னு நெனச்சேன். ஒன் மூஞ்சியப் பாத்தா பொண்ணு கேக்க வாய் வரல, ரொம்ப நாளாத் தவிச்சுக்கிட்டு இருந்தேன்… அந்தப் பக்கம் காஞ்ச ரோடு அவ்வளவு அகலமா கெடக்க, நிக்கட்டும்னே ஒங்க வாசல் சேத்துல வண்டிய எறக்குனது நான்தான் மச்சான்.